சிறைச்சாலைக்காரனின் வீட்டார்

வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்து வேதக்கோயிலிலிருந்து வருகிறவர்கள் கையில் ஒரு அட்டை இருக்கும். வாக்குத்தத்த அட்டை என்பார்கள். சிவகாசியில் அச்சடித்து வந்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து அடுக்கி வைத்திருப்பார்கள். வீட்டுக்கு ஒருவர் போய், கண்ணை மூடி ஜெபித்து, ஒன்றை எடுக்க வேண்டும். ஒரு பக்கம் அருவியோ ரோஜாப்பூவோ இருக்கும். மறுபக்கம் பைபிள் வசனம். அந்த வசனம் அந்த வருஷம் முழுவதும் அந்த வீட்டுக்கென்று கடவுள் கொடுத்த வாக்கு. வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்கு அஸ்திவாரத்தைப் பற்றி ஒரு வசனம் வந்துவிட்டால் போதும், மழைக்கு முன்னால் தளம் போட்டே ஆக வேண்டும் என்று கொத்தனாரைப் பிடுங்கி எடுப்பார்கள்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் அப்படியொரு அட்டை வருஷா வருஷம் மாறிக்கொண்டிருந்தது. நான் அதைப் படித்ததில்லை. நான் கிறிஸ்தவன் இல்லை. சேத்தூரில் விவசாயக் குடும்பம் எங்களுடையது. மாமா பட்டாளம், சித்தப்பா போலீஸ், நான் ஜெயில் வார்டர். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி ஒருத்தியை விரும்பி ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டபோதே எங்களுக்குள் ஒரு உடன்பாடு. ஞாயிற்றுக்கிழமை நான் அவளைக் கோயில் வாசலில் கொண்டுபோய் விடுவேன். உள்ளே வரச் சொல்லக்கூடாது. என் குலசாமி கும்பிடுக்கு அவள் வருவாள். விபூதி பூசச் சொல்லக்கூடாது. மகளுக்குக் கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். நான் வெளியே நின்று போட்டோக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். மகள் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். இந்த உடன்பாட்டிலேயே எங்கள் காலம் ஓடி முடிந்திருக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருஷம் அவள் எடுத்த அட்டையில் அந்த வசனம் வந்தது. நம்பினால் நீயும் உன் வீட்டாரும் ரட்சிக்கப்படுவீர்கள் என்கிற வசனம். பாதி கிறிஸ்தவ வீடுகளில் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள், எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சுவரில் இருப்பது வேறு, தட்டிலிருந்து கைக்கு வருவது வேறு. வீட்டாரில் அவள் ஞானஸ்நானம் வாங்கியவள், மகளும் வாங்கியவள், பாக்கி நான் ஒருத்தன். ஆக, இந்த வருஷத்துக்குள் நான் ஞானஸ்நானம் வாங்கப்போகிறேன் என்று கடவுள் அவளிடம் சொல்லிவிட்டார்.

"அம்புட்டு அட்டை கிடந்துச்சு. இது ஏன் என் கையில வரணும்?" என்றாள்.

"எவ கையிலயாவது வந்துதானே ஆகணும்."

"வந்தது என் கையிலங்க."

இதற்கு நான் சிரித்திருக்கக் கூடாது. அந்த வாரமே வெள்ளிக்கிழமை உபவாசம் ஆரம்பித்துவிட்டாள். காலையிலிருந்து இருட்டும் வரை பச்சைத் தண்ணீர் மட்டும். நான் ஞானஸ்நானம் வாங்குகிற நாள் வரை இது நிற்காது என்று சொல்லிவிட்டாள். மம்சாபுரத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் சத்துணவு அமைப்பாளர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்டு, முட்டை உரித்துக் கொடுத்துவிட்டு, இவள் வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வருவாள்.

இதுவரைக்கும் சண்டை போடுகிற விஷயம்தான். பயப்படுகிற விஷயமாக ஆனது கோடையில். அவளுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. செருப்புக் கடி ஒன்று வலது காலில் இரண்டாவது விரலுக்குக் கீழே புண்ணாகி, ஆற மறுத்தது. உபவாச நாளில் மாத்திரை போட்டால் மயக்கம் வருகிறது என்று மாத்திரையையும் விட்டாள். இருட்டியதும் பசியில் அள்ளிச் சாப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காலைப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார்.

"சுகர் இப்படி ஏறி எறங்குனா புண்ணு எப்படி ஆறும்? விரலை எடுக்க வேண்டி வரும். பொறவு அது விரலோட நிக்கும்னு நான் எழுதித் தர முடியாது."

புண்ணைக் கழுவிக் கட்டுவதற்கு அங்கே நர்ஸ் ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். எங்கள் பக்கம் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணியை ஒரு கட்டு வாங்கி வந்தேன். தினமும் டியூட்டிக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் கழுவிக் கட்டினேன். வெள்ளிக்கிழமை ஒருநாள் வந்தால் நான் ஒரு வாரம் செய்த வேலை வீணாகப் போனது. கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். பாதியில் விட்டால் தான் நம்பவில்லை என்று ஆகிவிடும் என்றாள். அவள் பிடிவாதம் எனக்குப் புதிதில்லை. அந்தப் பிடிவாதத்தை நம்பித்தான் நானே அவளைக் கட்டினேன்.

எல்லாரும் ஒரே வழியைச் சொன்னார்கள். எங்கள் கிளைச் சிறை அதிகாரி டீ குடிக்கும்போது, "போய் ஒரு முங்கு முங்கிட்டு வந்துருங்களேன், ஒங்களுக்கு என்ன கொறஞ்சிரப் போவுது?" என்றார். மகளும் போனில் அதையேதான் வேறு மாதிரி சொன்னாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பரோல் வேண்டும் என்று பெற்ற தாயே செத்துவிட்டதாகப் பொய் சொன்னவர்களை நான் வேலையில் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லி ஒரு கதவைத் திறந்தவன் அதை மூடாமல் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அதிலும் இவள் என் முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள். நம்பாமல் நம்புகிறேன் என்று அவளுடைய கடவுள் முன்னால் நான் சொல்ல மாட்டேன். அவள் கால் போகவும் விட மாட்டேன். இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்கிறதில்லை என்று முடிவு செய்தேன்.

முதலில் அந்த வசனம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அட்டையில் அடியில் குட்டி எழுத்தில் போட்டிருந்ததைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். சிறைவாசிகளைப் பார்க்க வரும் ஊழியக்காரர்கள் விட்டுப்போன பைபிள் ஒன்று எங்கள் ஆபீஸ் அலமாரியில் இருந்தது. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கைதிகள் அடங்கியிருக்கும் நேரத்தில் அதை எடுத்துப் பிரித்தேன்.

பிரித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த வசனம் சொல்லப்பட்டதே ஒரு ஜெயில் வார்டரிடம்.

ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்த இரண்டு பேரைப் பிடித்து, உடம்பெல்லாம் காயமாகிற அளவுக்கு அடித்து, உள்கட்டில் போட்டுக் காலைத் தொழுமரம் என்கிற துளை போட்ட மரக்கட்டையில் மாட்டிவிடுகிறார்கள். ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள் என்று சிறைச்சாலைக்காரனுக்கு உத்தரவு. நடு ராத்திரியில் அந்த இரண்டு பேரும் பாட்டுப் பாடுகிறார்கள். பூமி அதிர்ந்து கதவெல்லாம் திறந்து எல்லார் கட்டும் கழன்றுவிடுகிறது. தூக்கத்திலிருந்து எழுந்த சிறைச்சாலைக்காரன் திறந்த கதவைப் பார்த்து, எல்லாரும் ஓடிவிட்டார்கள் என்று கத்தியை உருவித் தன்னைக் குத்திக்கொள்ளப் போகிறான். உள்ளேயிருந்து ஒருவர், வேண்டாம், நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம் என்று சத்தம் போடுகிறார்.

பூகம்பம் வந்தது, கதவு திறந்தது, எண்ணிக்கை சரியாக இருந்தது. இந்த மூன்றில் எதை நம்புவது கஷ்டம் என்று கேட்டால் நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். என் சர்வீஸில் ஒரு தரம் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கத் தாமதமான அந்தச் செத்த நேரத்தில் ஒவ்வொரு அறைப் பூட்டையும் இழுத்துப் பார்த்துக்கொண்டே ஓடியிருக்கிறேன். அவன் கத்தியை உருவியது எனக்குப் புரிந்தது. அவன் நடுங்கிக்கொண்டே வந்து, நான் தப்பிக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதும் புரிந்தது. அதற்கு வந்த பதில்தான் எங்கள் வீட்டு அட்டை.

அட்டையில் இல்லாதது அதற்குப் பிறகு இருந்தது. அவன் அவர்களைக் கூட்டிப்போய்க் காயங்களைக் கழுவுகிறான். அவனும் அவன் வீட்டாரும் உடனே ஞானஸ்நானம் வாங்குகிறார்கள். பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு வைத்து, வீட்டாரோடு சேர்ந்து சந்தோஷப்படுகிறான். நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த வீட்டார் யார், அவர்களில் ஒருவராவது நம்பாமல் இருந்தார்களா, அப்படி ஒருவர் இருந்தால் என்ன செய்தார்கள் என்று எங்கேயும் இல்லை. எங்கள் ஜெயில் ரிப்போர்ட்டில் இப்படி எழுதியிருந்தால் அதிகாரி முகத்தில் விட்டெறிந்திருப்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் அண்ணனுக்கு, கட்டட வேலைக்கு முட்டுப் பலகை வாடகைக்கு விடுகிற கடை. அவர் கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டி அந்தப் பக்கம் போனவர். டியூட்டி முடிந்து டீக்கடையில் அவரைப் பிடித்தேன்.

"இதுல ஒனக்கு என்ன சந்தேகம் மாப்ள?" என்றார். "அந்தக் காலத்துல வீட்டுப் பெரியவன் ஒரு பக்கம் திரும்புனா வீடே திரும்பும். கைக்கொழந்தையில இருந்து வேலக்காரன் வரைக்கும் அம்புட்டுப் பேரும் தண்ணிக்குள்ள வந்துட்டாங்க. எல்லாரையும் ஒக்கார வச்சுப் பரீட்சையா எழுதச் சொன்னாங்க?"

"நம்பலைன்னா?"

"நம்பிக்கை ஒன் ஒருத்தன் தலையில இல்ல மாப்ள. திருச்சபை மொத்தமும் நம்புது. அதுக்குள்ள நீ வார. பொறவு உள்ள இருந்து வளரும். கொழந்தைக்கு என்ன தெரிஞ்சா குடுக்கோம்?"

எனக்கு இது பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் சபலம் தட்டியது. ஊரே சேர்ந்து இழுக்கிற தேர் வடத்தில் நானும் ஒரு கை வைத்தால் போதும் என்கிற மாதிரி இருந்தது. ஆனால் வாயில் வேறு வந்தது.

"கொழந்த பொய் சொல்லலையே மச்சான். வாயத் தொறந்து நம்புதேன்னு நான்ல்ல சொல்லணும்."

மச்சான் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "அதுவும் நெசந்தான். எங்க சாமியாரு கிட்டப் போனாலும் ஒன்ன ஒரு வருசம் உபதேசம் படிக்கச் சொல்லுவாரு. மனசார விரும்புதியான்னு கேக்காம ஊத்த மாட்டாரு."

"ஒரு வருசம் அவ கால் தாங்காது."

அவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டு, தங்கச்சியிடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். பேசினார் போலிருக்கிறது. அன்று ராத்திரி அவள் என்னிடம் பேசவில்லை.

அடுத்தது ஐயர். எங்கள் பக்கத்தில் புராட்டஸ்டண்ட் வேதக்கோயில் குருவானவரையும் ஐயர் என்றுதான் சொல்வோம். என் மனைவி எடுத்த அட்டையின் தட்டை ஏந்தி நின்றவர் அவர்தான். நல்ல மனிதர், சின்ன வயசு, நிறையப் படித்தவர். பைபிளை நான் கையில் கொண்டுபோனதைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

என் ஜெயில் அறிவையெல்லாம் அவரிடம் கொட்டினேன். அந்தச் சிறைச்சாலைக்காரன் தப்பிக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டது மோட்சத்துக்காக இல்லை, மேலதிகாரியிடமிருந்து தப்பிக்கத்தான் என்றேன். ஐயர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்படி யோசிச்சவங்களும் உண்டு. ஆனா பாருங்க, அந்த நேரத்துல எண்ணிக்கை சரியா இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சிருச்சு. மேலதிகாரி பயம் போயிருச்சு. அதுக்குப் பொறவுதான் அவன் நடுங்குதான். நீங்க உங்க பயத்த அவன் மேல ஏத்திப் படிக்கீங்க."

அவர் சொன்னது சரிதான். நான் அந்த இடத்தைக் கவனிக்காமல் போயிருந்தேன். அந்த வீட்டாரைப் பற்றிக் கேட்டேன். ஆதியிலிருந்தே கடவுள் தனி ஆளோடு மட்டும் உடன்படிக்கை செய்வதில்லை, குடும்பத்தோடு செய்கிறார், அதனால்தான் நாங்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம் என்றார். வளர்ந்த ஆள் என்றால் அவன் வாயால் சொல்ல வேண்டும். ஆனால் நம்புகிற மனைவி இருந்தால் நம்பாத புருஷனும் அவளாலே பரிசுத்தமாகிறான் என்று இன்னொரு இடத்தில் இருப்பதையும் எடுத்துக் காட்டினார்.

"அப்ப நான் ஏற்கெனவே பாஸா ஐயா?"

"பரிசுத்தம்னுதான் இருக்கு, ரட்சிப்புன்னு இல்ல," என்று சிரித்தார். "ஆனா உங்கள வெளிய நிக்கிற ஆளுன்னும் என்னால சொல்ல முடியாது."

எனக்கு அது போதும். நான் எங்கே நிற்கிறேன் என்பதைவிட அவள் சாப்பிடுகிறாளா என்பதுதான் என் பிரச்சினை. காலைப் பற்றிச் சொன்னேன். ஐயர் பதறிப்போனார், மறுநாளே வீட்டுக்கு வந்தார். உடம்பு முடியாதவர்கள் உபவாசம் இருக்க வேண்டியதில்லை, வாக்குத்தத்த அட்டை ஒரு ஆறுதலுக்குத்தான், அது வருஷக் கெடு வைத்த உத்தரவு இல்லை, வசனத்தை முன்னும் பின்னும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்று பக்குவமாகச் சொன்னார். அவள் தலையில் முக்காட்டோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"ஐயா, அட்டைய நீங்கதானே ஜெபம் பண்ணிக் கொடுத்தீங்க?"

"ஆமாம்மா."

"அதுல கர்த்தர் பேசுவாருன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஐயர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தட்டை நீட்டும்போது எந்தக் கை எதை எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்?

செட்டியார்பட்டியில் இருக்கும் என் கொழுந்தியாள் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவள். அக்காளுக்குக் கால் சரியில்லை என்று தெரிந்து ஒரு சனிக்கிழமை தன் பாஸ்டரை ஜெபத்துக்குக் கூட்டி வந்தாள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு நழுவப் பார்த்தேன். முடியவில்லை. இவர்கள்தான் ஆளை அப்படியே கிணற்றுக்குக் கூட்டிப்போய் முக்கிவிடுவார்களே என்று உள்ளுக்குள் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஜெபம் முடிந்தது. என் மனைவியே ஆரம்பித்தாள், இவியளுக்கு எப்படியாவது ஞானஸ்நானம் கொடுத்துவிடுங்கள் பாஸ்டர், எந்தச் சபையானாலும் சரி என்று. பிறந்ததிலிருந்து போகிற கோயிலை விட்டு வேறு சபையாயிற்றே என்று கூட அவள் பார்க்கவில்லை.

பாஸ்டர் என் பக்கம் திரும்பினார். பெரிய மீசை, மில்லில் ஃபிட்டராக இருந்துவிட்டு ஊழியத்துக்கு வந்தவர்.

"நீங்க விசுவாசிக்கீங்களாண்ணே?"

"இல்ல பாஸ்டர். பொய் சொல்ல வரல."

"அப்பக் கொடுக்க முடியாதும்மா," என்றார் அவளிடம். "அந்த அதிகாரத்துலயே இருக்கு. ராத்திரியோட ராத்திரியா வீட்டுல இருந்த எல்லாருக்கும் வசனத்தச் சொன்னாங்க. எல்லாரும் கேட்டாங்க, விசுவாசிச்சாங்க, பொறவுதான் தண்ணி. கேக்காத கொழந்தைக்கும் இல்ல, நம்பாத பெரியாளுக்கும் இல்ல. பொண்டாட்டிக்காக முங்குறவரு நனைஞ்சுதான் வெளிய வருவாரு. வேற ஒண்ணும் நடக்காது."

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. இத்தனை மாதமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததைப் பெந்தெகொஸ்தே பாஸ்டர் ஒருவர் பைபிளிலிருந்தே எடுத்துச் சொல்கிறார். என் மனைவி அழுதாள். கொழுந்தியாள் அவளைத் தேற்றினாள். பாஸ்டர் போகும்போது, சாப்பாட்டை விடாதீங்கக்கா, கால் முக்கியம் என்றும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

எனக்குச் சாதகமாக வந்த தீர்ப்பு எனக்கே வினையாக முடிந்தது. அதுவரை அவள் பட்டினி கிடந்தது நான் தண்ணீருக்குள் இறங்குவதற்காக. இப்போது என் மனசு மாறுவதற்காக. மனசு எப்போது மாறும் என்று எந்தக் காலண்டரில் இருக்கிறது? வெள்ளிக்கிழமையோடு புதன்கிழமையும் சேர்ந்துகொண்டது. புண்ணின் ஓரம் கறுத்தது. டாக்டரம்மா இந்த முறை திட்டவில்லை. அடுத்த தடவை வரும்போது சர்ஜனைப் பார்த்துவிடுங்கள் என்று அமைதியாகச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அந்த வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டேன். அவளுக்கும் அது பள்ளிக்கூட விடுமுறை. விடிந்ததும் சமையல்கட்டுக்குள் போய்க் குதிரைவாலிச் சோறு வடித்து, முருங்கைக்கீரைப் பொரியலும் பாசிப்பருப்புக் குழம்பும் வைத்தேன். அவள் உள்ளறையில் முழங்கால் போட்டிருந்தது தெரிந்தது. காலில் புண்ணோடு முழங்கால் போடுவதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் எழுந்து வந்ததும் நாற்காலியில் உட்கார வைத்து, கீழே பலகை போட்டு உட்கார்ந்து கட்டைப் பிரித்தேன். உப்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். கழுவி, ஈரம் ஒற்றி எடுத்து, புதுத்துணி சுற்றினேன். கையைக் கழுவிவிட்டு வந்து தட்டில் சோற்றைப் போட்டு அவள் முன்னால் வைத்தேன்.

"இன்னைக்கு வெள்ளிக்கெழமங்க."

"தெரியும்."

அவளுடைய பைபிளை எடுத்தேன். அவள் கண் அகலமாக விரிந்தது. அவள் முன்னால் நான் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அந்த இடத்தைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, புத்தகமே அங்கேதான் பிரிந்தது. ராத்திரி, பாட்டு, பூமியதிர்ச்சி, கத்தி, எல்லாவற்றையும் சத்தமாக வாசித்தேன். அவன் சாப்பாடு வைத்த இடம் வந்ததும் நிறுத்தினேன்.

"பாத்தியா? அட்டையில இல்லாதது. அந்த வார்டரு சோறு வச்சான். நானும் வச்சிருக்கேன். சாப்பிடு."

அவள் எளிதில் மசிகிறவளா? "சாப்பாடு வச்சது ஞானஸ்நானத்துக்குப் பொறவுங்க. வரிசை அப்படித்தான் இருக்கு."

அவள் சொல்வது சரிதான். பைபிளில் வரிசை அப்படித்தான் இருந்தது. மச்சானிடமும் ஐயரிடமும் பாஸ்டரிடமும் பேசிப் பார்த்த எனக்கு இதைச் சொல்ல அவர்கள் யாரும் தேவைப்படவில்லை, என் மனைவியே போதும். பைபிளில் விரலை ஒரு வரி மேலே நகர்த்தினேன்.

"ஞானஸ்நானத்துக்கு முன்னால அவன் என்ன செஞ்சான்?"

"அவுங்க காயத்தக் கழுவுனான்."

"நான் அங்கதான் நிக்கேன். அதுக்கு அங்கிட்டு என்னால இப்பப் போக முடியல. போவேன்னு ஒன்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். போகவே மாட்டேன்னும் சொல்லல, எனக்கே தெரியாது. மூணு பேருகிட்டக் கேட்டாச்சு. ஒருத்தரு வந்துரு பொறவு வளரும்ங்காரு, ஒருத்தரு நீ வெளிய இல்லங்காரு, ஒருத்தரு நம்பாம வராதங்காரு. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். இந்தக் காலு போச்சுன்னா கழுவ எனக்கு ஒண்ணும் இருக்காது."

கடைசி வார்த்தை சரியாக வரவில்லை. அழுகை வந்துவிட்டது. முப்பது வருஷம் கைதிகள் முன்னால் விறைப்பாக நின்றவன் என்று பேர், அவள் கால்மாட்டில் பலகையில் உட்கார்ந்து அழுதேன்.

அவள் பைபிளில் நான் நிறுத்திய இடத்தில் விரல் வைத்தாள். பிறகு, "இன்னும் ஒரு வரி இருக்கு. அதையும் படிங்க," என்றாள்.

அவன் தன் வீட்டார் எல்லாரோடும் சேர்ந்து சந்தோஷப்பட்டான் என்கிற வரி. படித்தேன்.

"ஒருத்தி பட்டினி கெடந்தா அந்த வரி எப்படிட்டீ வரும்?"

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். சோற்றுக்கான ஜெபம் சின்னதாக இருக்கும், எனக்குத் தெரியும். இது ரொம்ப நேரம் போனது. குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து தட்டைப் பக்கத்தில் இழுத்தாள்.

"நான் ஜெபத்த விடலைங்க. பட்டினியத்தான் விடுதேன்."

"எம்புட்டு வேணும்னாலும் ஜெபம் பண்ணு."

முதல் கவளத்தை எடுத்ததும், குழம்பில் உப்புக் குறைவு என்றாள். எழுந்து போய் உப்பு எடுத்து வந்தேன். இரண்டாவது தரம் சோறு கேட்டாள். போட்டேன்.

விரல் தப்பிவிட்டது. புண் மூட மழைக்காலம் வரை ஆனது, இப்போதும் அந்த இடத்தில் தோல் பூஞ்சையாகத்தான் இருக்கிறது. அதனால் நான் விடுவதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் நான்தான் அவள் காலைக் கழுவுகிறேன், நான்தான் சோறு வைக்கிறேன். இந்த இரண்டுக்கும் நடுவில் பைபிளில் இருப்பதைப் பற்றி அவளும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.